போகும்போது ஆள், வரும்போது மரம்

1848 ஏப்ரல் 24 அன்று, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பிளென்னர்வில் துறையிலிருந்து ‘ஜீனி ஜான்ஸ்டன்’ என்ற பாய்மரக் கப்பல் 193 பயணிகளுடன் கனடாவின் கியூபெக் நகரை நோக்கிக் கிளம்பியது. கப்பல் கட்டப்பட்டதே கியூபெக்கில்தான், அதற்கு முந்தைய ஆண்டு. கொள்ளளவு 408 டன். வாங்கியவர் ட்ராலி ஊர் வணிகர் நிக்கலஸ் டோனவன். சில வாரங்கள் கழித்து அதே கப்பல் கனடா மரத்தை வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு திரும்பியது. அடுத்த முறை மறுபடியும் ஆட்கள், மறுபடியும் மரம். இப்படிப் பல ஆண்டுகள்.

அயர்லாந்துப் பஞ்சத்தில் கடல் கடந்த லட்சக்கணக்கானவர்களின் கதையைப் படிப்பவர்கள் பலரும் இந்த மரத்தைக் கவனிப்பதில்லை. உருளைக்கிழங்கு அழுகியது, நிலப்பிரபுக்கள் குடியானவர்களை விரட்டினார்கள், கப்பலில் காய்ச்சல் வந்தது என்று கதை நகர்ந்துவிடும். அத்தனை ஏழைகளைப் பெருங்கடலுக்கு அப்பால் கொண்டுபோகக் கப்பல்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டால், விடை மரத்தில் இருக்கிறது.

நெப்போலியன் போர்க்காலத்தில் பால்டிக் கடல் வழியாக வந்துகொண்டிருந்த மரம் பிரிட்டனுக்குத் தடைப்பட்டது. அரசு அயல்நாட்டு மரத்துக்குக் கடும் வரி போட்டுத் தன் குடியேற்றநாட்டு மரத்துக்குச் சலுகை கொடுத்தது. கியூபெக்கிலிருந்தும் செயின்ட் ஜான் துறையிலிருந்தும் பைன் மரம் லிவர்பூலுக்கும் லிமெரிக்குக்கும் டெரிக்கும் குவிந்தது. ஆனால் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அங்கே அனுப்ப அவ்வளவு இடம் அடைக்கும் சரக்கு எதுவும் இல்லை. வெறுங்கப்பல் காற்றில் கவிழ்ந்துவிடும் என்பதால் அடித்தட்டில் கல்லையோ மணலையோ பாரமாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கல்லை ஏற்றினால் ஏற்றுபவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆளை ஏற்றினால் ஆளே கூலி கொடுப்பான். கப்பல் முதலாளிகளுக்கு இந்தக் கணக்கு புரிய நெடுநாள் ஆகவில்லை.

ஆகவே துறையில் மரம் இறங்கியதும் தச்சர்கள் ஏறுவார்கள். மேல்தளத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் பலகை பாவி, இரு பக்கமும் இரண்டு அடுக்காகக் கட்டில் அடிப்பார்கள். ஆறடிக்கு ஆறடியில் ஒரு கட்டில், அதில் நான்கு பேர். அதாவது ஆளுக்கு ஒன்றரை அடி அகலம். பக்கத்தில் படுப்பவர் உறவினராக இருக்க வேண்டும் என்றில்லை. கியூபெக் சேர்ந்ததும் இந்தப் பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மரத்தை அடுக்குவார்கள். மனிதர்களுக்கான ஏற்பாடு முழுவதும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1803-இலிருந்தே பிரிட்டன் பயணிகள் சட்டம் என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றிக்கொண்டுதான் இருந்தது. 1842 சட்டப்படி ஐந்து டன்னுக்கு மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் தண்ணீர்; வாரத்துக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல் பிஸ்கோத்தோ மாவோ ஓட்ஸோ அரிசியோ. குடிக்க, சமைக்க, குழந்தையைக் கழுவ எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். பதினான்கு வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். கைக்குழந்தை கணக்கிலேயே வராது. எனவே ‘இத்தனை ஆள்’ என்று ஏட்டில் இருக்கும் எண்ணிக்கையை விட அடித்தட்டில் மூச்சுவிட்ட உயிர்கள் எப்போதும் அதிகம்.

மேற்கே போகும் வழி காற்றுக்கு எதிர்வழி. வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். 1847-இல் பாஸ்டனிலிருந்து அயர்லாந்துக்கு உணவு கொண்டுவந்த ‘ஜேம்ஸ்டவுன்’ பதினைந்தே நாளில் கார்க் துறையை அடைந்தது. எதிர்த்திசையில் ஆறு வாரம் என்றால் நல்ல பயணம். சில கப்பல்கள் ஒன்பது வாரம், பத்து வாரம் அலைந்தன. தண்ணீர்ப் பீப்பாய் எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்பதைக் கேப்டனால்கூடக் கிளம்பும்போது சொல்ல முடியாது.

அந்த ‘ஜேம்ஸ்டவுனை’ ஓட்டிய ராபர்ட் பென்னட் ஃபோர்ப்ஸ் கடற்படைக்காரர் அல்லர், வணிகக் கப்பல் கேப்டன். அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு போர்க்கப்பலைத் தனியார் கையில் கொடுத்து அனுப்பிய அபூர்வ நிகழ்ச்சி அது. கார்க் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். இதே ஃபோர்ப்ஸ் இளவயதில் சீனக் கரையோரம் அபினி கிடங்குக் கப்பலுக்குத் தலைவராக இருந்து பொருள் சேர்த்தவர். வணிகக் கேப்டன்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு கூடையில் போட நினைப்பவர்கள் இவரை எதில் போடுவார்களோ தெரியவில்லை.

கேப்டனின் அதிகாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தளக்கதவைப் பார்க்க வேண்டும். அடித்தட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வரும் வழி அது ஒன்றுதான். ஏணியும் அங்கேதான். சமையல் அடுப்பு மேல்தளத்தில், மணலோ செங்கல்லோ பரப்பிய பெட்டிக்குள் எரியும் நெருப்பு. இருநூறு பேருக்கு இரண்டு அடுப்பு. முறை வைத்து, சண்டை போட்டு, பாதி வெந்ததை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அடுப்பை அணைத்துத் தளக்கதவை மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து கப்பல் மூழ்கும். மூடினால் உள்ளே இருப்பவர்கள் இருட்டில், வாந்தியிலும் மலத்திலும் நாள்கணக்காகக் கிடக்க வேண்டும். எப்போது மூடுவது, எவ்வளவு நேரம், காற்று தணிந்ததும் உடனே திறப்பதா, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா? இதைச் சொல்பவர் ஒருவர்தான். அவர் பின்பக்க அறையில் தனிக் கட்டிலில் படுப்பவர்.

1847-இல் இந்த ஏற்பாடு நொறுங்கியது. பஞ்சம் மூன்றாம் ஆண்டில் இருந்தது. ஊரெல்லாம் டைபஸ் காய்ச்சல். அமெரிக்கா அந்த ஆண்டின் தொடக்கத்தில் தன் பயணிகள் சட்டத்தை இறுக்கியதால் நியூயார்க், பாஸ்டன் டிக்கெட் விலை ஏறியது. கையில் காசில்லாதவர்கள் மரக்கப்பல் ஏறிக் கியூபெக்குக்குப் போனார்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பனி உருகி, மே மாத நடுவில் ‘சிரியா’ என்ற கப்பல் குரோஸ் ஈல் தீவின் நோய்த்தடுப்பு நிலையத்துக்கு வந்தது. அங்கே தலைமை மருத்துவர் ஜார்ஜ் டக்ளஸ். இருநூறு நோயாளிகளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஒரு கப்பலிலேயே 241 பேரில் 84 பேருக்குக் காய்ச்சல். மே முடிவதற்குள் நாற்பது கப்பல்கள் ஆற்றில் இரண்டு மைல் நீளத்துக்கு நங்கூரமிட்டு வரிசையில் நின்றன. இறங்க இடமில்லாமல் நோயாளியும் நோயில்லாதவரும் ஒரே தட்டில் கிடந்தார்கள். கரையைக் கண்ட பிறகு செத்தவர்கள் பலர்.

‘வர்ஜினியஸ்’ மே 28-ஆம் தேதி லிவர்பூலிலிருந்து 476 பேருடன் கிளம்பியது. கடலில் இறங்கும் முன்பே, லிவர்பூலின் மெர்சி ஆற்றிலேயே சாவு விழுந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் கடலில் கழித்துவிட்டுக் குரோஸ் ஈல் வந்தபோது 158 பேர் இறந்திருந்தார்கள். 106 பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். இறந்தவர்களில் முதல் அதிகாரியும் இரண்டாம் அதிகாரியும் மாலுமிகள் ஏழு பேரும் அடக்கம். கேப்டன் சாகும் நிலையில் இருந்தார். தளத்துக்கு ஏறிவர முடிந்த சிலரையும் மஞ்சள் பூத்த பேய்கள் போல இருந்தார்கள் என்றே டக்ளஸ் தம் அறிக்கையில் எழுதினார்.

இங்கே கேப்டனைக் கொடியவர் என்று சொல்லி முடித்துவிட முடியாது. டைபஸைப் பரப்புவது உடலில் ஊரும் பேன் என்பது 1909-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றைய அறிவு துர்நாற்றமே நோய் என்று நம்பியது. வினிகரைத் தெளி, சுண்ணாம்பு அடி, கந்தகம் புகை என்றுதான் சொன்னது. பேன் பின்பக்க அறைக்கும் ஏறிப் போகும் என்று கேப்டனுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் இந்தக் கப்பலை நிரப்பியது யார்? ‘வர்ஜினியஸ்’ பயணிகளில் கணிசமானோர் ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையின் குடியானவர்கள். நிலப்பிரபு மேஜர் டெனிஸ் மேகனின் காரியதரிசி ஒரு கணக்குப் போட்டார். இவர்களை ஏழைகள் விடுதியில் ஓராண்டு வைத்துச் சோறு போட ஆகும் செலவில் ஏறக்குறைய பாதிதான் கனடாவுக்கு ஏற்றிவிட ஆகும். மேகன் ஒப்புக்கொண்டார். 1,490 பேர் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடந்தார்கள். வழியில் திரும்பி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பண்ணை ஆள் கூடவே போனார். அந்த நவம்பரில் மேகன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

என் பார்வையில் விஷயத்தின் முடிச்சு இங்கேதான். டிக்கெட் பணம் முன்பணம். பயணி உயிரோடு இறங்கினாலும் நடுக்கடலில் போர்வைத் துணியில் சுற்றப்பட்டு இறங்கினாலும் கப்பல் முதலாளிக்கு வரவு ஒன்றுதான். இறந்தவர் தண்ணீரும் மாவும் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார். கியூபெக்கில் மரம் காத்திருக்கிறது. இலையுதிர் காலத்துக்குள் இன்னொரு நடை அடிக்க முடிந்தால் லாபம். உயிரைக் காப்பாற்றுவதற்கு இந்தக் கணக்கில் எங்குமே காசு இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிய கப்பல்களில் 1815 முதல் அரசு மருத்துவர் இருந்தார். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கரீபியத் தீவுகளுக்குக் கூலிகளை ஏற்றிய கப்பல்களில், உயிரோடு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று மருத்துவருக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தது. கருணையால் வந்ததல்ல, செத்த கூலி தோட்டத்துக்கு உதவமாட்டான். அந்தக் கப்பல்களிலும் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்த ஆண்டுகள் உண்டு. ஆனாலும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று: கைதிக்கும் கூலிக்கும் மறுகரையில் ஒருவன் காத்திருந்தான். தன் காசில் டிக்கெட் வாங்கிய அயர்லாந்துக்காரருக்கு யாரும் காத்திருக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ‘ஜீனி ஜான்ஸ்டன்’ கதை வியப்பளிக்கிறது. 1848 முதல் 1855 வரை பதினாறு பயணம், 2,500 பேருக்கு மேல், ஒரு சாவுகூட இல்லை. முதல் பயணத்தில் பிறந்த குழந்தைக்குக் கப்பல் முதலாளியின் பெயரையும் கப்பலின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். கேப்டன் ஜேம்ஸ் ஆட்ரிட்ஜ், கார்க் மாவட்டத்துக்காரர். டாக்டர் ரிச்சர்ட் பிளென்னர்ஹாசெட் கப்பலிலேயே வந்தார். அந்த வழிக்கு மருத்துவர் கட்டாயமில்லாத காலம் அது. வானிலை இடம் கொடுத்த போதெல்லாம் தளக்கதவைத் திறந்தார்கள், பயணிகளை மேலே நடக்கவிட்டார்கள், படுக்கையை வெளியே கொண்டுவந்து காயப்போட்டார்கள். நம் வீட்டுப் பாட்டிகள் செய்கிற காரியம்தான். பேனைப் பற்றி எதுவும் தெரியாமலேயே பேனை வெயிலில் வைத்தார்கள்.

ஆனால் இதைக் கேப்டனின் புண்ணியம் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான். கப்பல் கிளம்பியது 1847-இல் அல்ல, அதற்கு அடுத்த ஆண்டு. மிக மோசமான காய்ச்சல் பருவம் கடந்துவிட்டிருந்தது. பயணிகள் லிவர்பூலின் நெரிசலான விடுதிகளில் வாரக்கணக்கில் கிடந்து நோயைச் சுமந்து ஏறியவர்கள் அல்லர். தம் மாவட்டத்துத் துறையிலேயே ஏறியவர்கள். முதலாளி அதே ஊர்க்காரர். கியூபெக்கிலிருந்து வரும் கெட்ட செய்தி ட்ராலி கடைத்தெருவில் டோனவனின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். லிவர்பூல் தரகருக்கு அந்தக் கவலை கிடையாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பஞ்சகாலக் கப்பல்களுக்கு வழங்கும் ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்ற பெயர் 1847-இன் கியூபெக் வழிக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். மற்ற ஆண்டுகளில் கடலில் இறந்தவர்கள் பொதுவாக நூற்றுக்கு ஒருவர், இருவர். ஒருவர்கூடச் சாகாத கப்பல் அரிது. பாதுகாப்பாகக் கரைசேர்ந்த கப்பல்கள் அரிதல்ல. அவற்றின் கேப்டன்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

தளக்கதவின் மறுபக்கக் கதைகளும் இருக்கின்றன. 1848 டிசம்பரில் ஸ்லைகோவிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்ட ‘லண்டன்டெரி’ நீராவிக் கப்பலில், அமெரிக்கா போகும் எண்ணத்தோடு ஏறியவர்கள் பலர். புயல் வந்ததும் அவர்களை முன்பக்கச் சிற்றறைக்குள் தள்ளிக் கதவின்மேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். காற்றில்லாமல் 72 பேர் இறந்தார்கள். டெரி துறையில் நடந்த விசாரணையில் ஜூரிகள் கேப்டன் மீதும் துணை அதிகாரிகள் மீதும் கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றத்தைச் சாட்டினார்கள்.

அடுத்த ஆண்டு ‘ஹன்னா’. நியூரியிலிருந்து கியூபெக்குக்கு. 1849 ஏப்ரல் 29 அதிகாலையில் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் பனிப்பாறையில் மோதியது. கேப்டன் கறி ஷாவுக்கு வயது 23. அவரும் அதிகாரிகளும் உயிர்காப்புப் படகில் ஏறிப் போய்விட்டார்கள். போகும் முன் தளக்கதவை ஆணியடித்து மூடும்படி தச்சரிடம் சொன்னதாகப் பிழைத்தவர்கள் குற்றம்சாட்டினார்கள். பயணிகள் இரவு உடையோடு பனித்தட்டின்மேல் இறங்கி நின்றார்கள். ‘நிகராகுவா’ என்ற கப்பல் அந்தப் பக்கம் வந்தது. அதன் கேப்டன் மார்ஷல் தன் கப்பலைப் பனிக்கருகே கொண்டுவந்து, படகுகளை இறக்கி, ஏறக்குறைய 130 பேரை ஏற்றினார். ஒரே நாளில், ஒரே பனிவெளியில், ஒரே தொழிலைச் செய்த இரண்டு கேப்டன்கள். அன்று இருவரும் செய்ததை எந்தச் சட்டமும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க முடியாது. ஆனால் 23 வயது இளைஞன் கையில் இருநூறு உயிரை ஒப்படைக்கலாமா என்பதைச் சட்டம் தீர்மானித்திருக்கலாம். அப்போது பிரிட்டனில் கேப்டனாகத் தேர்வு எழுதித் தேறுவது கட்டாயமில்லை. 1850-இல் நிறைவேறிய வணிகக் கப்பல் சட்டம்தான் வெளிநாட்டுப் பயணக் கேப்டனுக்கும் துணை அதிகாரிக்கும் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது.

சட்டம் தாளில் இருந்தால் போதாது என்பதற்கு ‘வாஷிங்டன்’ சாட்சி. 1850 இலையுதிர் காலத்தில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு 900-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் போன பெரிய கப்பல். அதில் வியர் ஃபாஸ்டர் என்ற செல்வந்தர், ஏழைகள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று அறிவதற்காகவே அடித்தட்டு டிக்கெட் வாங்கி ஏறினார். ஒப்பந்தத்தில் அச்சிட்ட உணவு நாள்கணக்காகக் கொடுக்கப்படவில்லை. தண்ணீர் வாங்கப் போனவர்களுக்கு உதை கிடைத்தது. ஃபாஸ்டர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். முதல் அதிகாரி அவரை அடித்து வீழ்த்தினார். கேப்டனிடம் முறையிட்டால், நீ ஒரு கடற்கொள்ளைக்காரன், விலங்கு மாட்டுவேன் என்றார். படித்த, பணமுள்ள, ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த மனிதருக்கே இந்தக் கதி. அயர்லாந்தின் கேலிக் மொழி மட்டும் தெரிந்த, மேற்கே கன்னாட் பகுதிக் குடியானவர் என்ன செய்திருப்பார்? வழக்குப் போட வேண்டுமானால் கரையிறங்கியபின் நியூயார்க்கில் வேலையும் சோறும் இல்லாமல் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் என்பது கேப்டனுக்கும் தெரியும். ஃபாஸ்டரின் கடிதம் 1851-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பின்னாளில் அவர் ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்குக் கப்பல் செலவுக்கு உதவினார்.

கேப்டன்கள் நீதிமன்றம் போகாமலில்லை. பயணிகளுக்காக அல்ல, பயணிகள்மேல் விதித்த வரிக்காக. நியூயார்க் மாநிலம் வந்திறங்கும் தலைக்கு ஒரு டாலர் வாங்கியது. ‘ஹென்றி பிளிஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பலின் கேப்டன் ஜார்ஜ் ஸ்மித் 1841-இல் 295 அடித்தட்டுப் பயணிகளைக் கொண்டுவந்தார், 295 டாலரைக் கேட்டார்கள், மறுத்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1849-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாநில வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. குடியேற்றம் மாநிலங்களின் கையா, மத்திய அரசின் கையா என்று அமெரிக்காவில் இன்றும் நடக்கும் விவாதத்தின் ஒரு நுனி அந்த 295 டாலரில் இருக்கிறது.

இன்னொரு வேலையும் கேப்டன் தலையில் விழுந்தது. 1820 முதல் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கேப்டனும் பயணிகளின் பெயர், வயது, பால், தொழில், நாடு எழுதிய பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். வழியில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் அதில் உண்டு. 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது பஞ்சகாலத்து அயர்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. அதனால் பல குடும்பங்களுக்கு முன்னோரின் பெயர் இருக்கும் மிகப் பழைய காகிதம், கேப்டனோ அவருடைய எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதிய அந்தப் பட்டியல்தான். தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: கூலி.

1850-களில் நீராவிக் கப்பல்கள் அடித்தட்டுப் பயணிகளை ஏற்றத் தொடங்கின. 1860-களின் நடுவில் பெரும்பாலானோர் அவற்றில்தான் போனார்கள். பயணம் ஆறு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் சுருங்கியது. பாய்மரக் கப்பல்களுக்குப் பழைய தொழில் மட்டும் மிஞ்சியது. ‘ஜீனி ஜான்ஸ்டனை’ டோனவன் 1855-இல் விற்றுவிட்டார். 1858-இல் அது கியூபெக்கிலிருந்து இங்கிலாந்தின் ஹல் துறைக்கு மரம் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் நடு அட்லாண்டிக்கில் நீர் புகுந்து தாழ்ந்தது. மாலுமிகள் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கிக்கொண்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஒரு டச்சுக் கப்பல் அவர்களைக் கண்டு இறக்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். அவ்வளவு நாள் கப்பல் மூழ்காமல் தாங்கியது அதன் வயிற்றில் இருந்த மரம்.